எலும்பு சீக்கிரம் இறுக ‘க்ரோத் ஃபேக்டர்’ ஊசி போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. பைக் விபத்தில் கீழ்க்கால் 5 செ.மீ. குட்டையாகி, எலும்பை வெட்டி, ரிங் (காலைச் சுற்றிக் கம்பிகளால் எலும்பில் பொருத்தும் உலோக வளையம்) போட்டு, நட்டைத் திருப்பித் திருப்பி நீட்டினார்கள். நட்டு திருப்புவது முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ரிங்கைக் கழற்ற இன்னும் நான்கு மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் பழக்கமான ஒருவர், ‘க்ரோத் ஃபேக்டர்’ ஊசி போட்டால் இரண்டே மாதத்தில் கழற்றிவிடலாம், 80,000 ரூபாய் ஆகும் என்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம்.

உங்கள் டாக்டர் சொன்ன கணக்கு சரியானதுதான். ஒரு நாளைக்கு 1 மி.மீ. வீதம் நீட்டினால் 5 செ.மீ.க்கு 50 நாள். ஆனால் எலும்பை வெட்டி விலக்கிய அந்த இடைவெளியில் பிறந்திருப்பது பிஞ்சு எலும்பு. அது இறுகும் காலத்தையும் சேர்த்து, ஒரு செ.மீ.க்கு ஒன்று முதல் ஒன்றரை மாதம் ரிங் இருக்க வேண்டும். வீட்டுக்குத் தளம் போட்டவர்களுக்குத் தெரியும், சென்ட்ரிங்கை அவசரமாகப் பிரித்தால் என்ன ஆகும் என்று.

‘க்ரோத் ஃபேக்டர்’ என்று, எலும்பை வளரச் சொல்லும் புரதங்கள் உண்மையில் உண்டு. அதில் பேர்போனது பி.எம்.பி-2. அமெரிக்காவில் 2002இல் முதுகெலும்பு அறுவைக்கும், 2004இல் சதை கிழிந்த கீழ்க்கால் முறிவுக்கும் அனுமதித்தார்கள். கால் நீட்டலுக்கு அல்ல. நீட்டும்போது உடம்பே இந்தப் புரதத்தை அங்கே சுரக்கிறது. இன்னொன்று, பி.எம்.பி-2 வெறும் ஊசி மருந்து இல்லை. கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து, ஆபரேஷன் தியேட்டரில், எலும்புக்குப் பக்கத்தில் வைப்பது.

அப்படியானால் அந்த ‘ஊசி’ என்ன? பெரும்பாலும் பி.ஆர்.பி. உங்கள் மகனின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியை மட்டும் பிரித்து அவர் காலிலேயே குத்துவார்கள். அதனால் ரிங்கைப் பாதி நாளில் கழற்றலாம் என்று யாரும் நிரூபித்ததில்லை. மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், பில் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். “பில் போட்டா ரேட் கூடும்” என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள். இந்த ஆட்களைச் சொல்லியும் குற்றமில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘நான்கு வாரம் கழித்து வரவும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு டாக்டர்களாகிய நாங்கள் அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறோம். நாங்கள் பேசாத இடத்தில் புரோக்கர் பேசுகிறார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மாதாமாதம் எடுக்கும் எக்ஸ்ரேயில் இடைவெளி கறுப்பாகவே இருக்கிறது, மேகம் மாதிரி வெண்மை படியவே இல்லை என்றால் அது வேறு கதை. அப்போதும் முதல் வேலை ஊசி இல்லை. நட்டைப் பின்னோக்கித் திருப்பி அழுத்தி, மறுபடி நீட்டிப் பார்ப்போம். அதற்கும் மசியாவிட்டால் இடுப்பெலும்பிலிருந்து துணுக்கு எடுத்து வைப்போம். அதற்கும் அப்புறம்தான் பி.எம்.பி. பற்றிய யோசனை. அதிலும் சீழ் இருந்தால் கிடையாது, புற்றுநோய் இருந்தால் கிடையாது, வளரும் குழந்தைக்குக் கிடையாது. உங்கள் மகனின் எக்ஸ்ரேயில் வெண்மை தெரிகிறதா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

சரி, மகன் நடக்கிறாரா? பயந்து கட்டிலிலேயே கிடந்தால் எலும்பு இறுகாது. டாக்டர் அனுமதித்த அளவுக்கு வாக்கரைப் பிடித்துக் காலில் பாரம் கொடுக்க வேண்டும். சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். படத்துக்கு இரண்டாக, இரண்டிலும் சேர்த்துத் தெரியும் புது எலும்பின் நான்கு ஓரங்களில் மூன்றிலாவது வெள்ளைக்கோடு அறுபடாமல் ஓடினால்தான் ரிங்கைக் கழற்றும் பேச்சு.