முனைவுத்தன்மை புரியவில்லை என்பதற்காக வேதியியலை விடலாமா?

முனைவுத்தன்மை (மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர்மின்னும் மறுபக்கம் சற்று எதிர்மின்னும் இருப்பது), மூலக்கூறு இடைவிசைகள் (மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசைகள்) பாடம் தலையில் ஏறவில்லை, அதனால் மகள் வேதியியலே வேண்டாம் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். முடிவெடுக்கும் முன் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீர் கொதிக்கும்போது எது அறுபடுகிறது? "ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு" என்று பதில் வந்தால் சிக்கல் அங்கேதான். அதை உடைக்க மோலுக்குச் சுமார் 463 கிலோஜூல் வேண்டும். நீர் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புக்கோ 20 அளவில் போதும். கொதிக்கையில் அறுபடுவது இதுதான். இரண்டுக்கும் 'பிணைப்பு' என்றே பெயர் வைத்தால் பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

அடுத்தது, ஒரு மூலக்கூறு முனைவுள்ளதா என்று கண்டுபிடிக்கும் வரிசை. முதலில் லூயிஸ் அமைப்பு (வெளி எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் படம்), பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இணைகளோடு. பிறகு வடிவம். அதன் பிறகே எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை அணு தன் பக்கம் இழுக்கும் திறன்) பார்த்து, அதிகம் இழுக்கும் அணுவை நோக்கி அம்புக்குறிகள் போட்டுக் கூட்ட வேண்டும். வடிவத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள் கார்பன் டை ஆக்சைடை முனைவுள்ளது என்று எழுதிவிடுவார்கள். அது நேர்கோடு என்பதால் இரண்டு அம்புகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். நீர் 104.5 பாகையில் வளைந்திருப்பதால் 1.85 டிபை (முனைவின் அளவைச் சொல்லும் அலகு) மிஞ்சுகிறது. அம்மோனியாவுக்கு 1.47, நைட்ரஜன் டிரைஃபுளூரைடுக்கு வெறும் 0.23. ஃபுளூரின் பக்கம் போகும் அம்புகளுக்கு எதிர்த்திசையில் தனித்த இணை இழுப்பதே காரணம். மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

"முனைவுள்ளது எதுவோ அதற்கே கொதிநிலை அதிகம்" என்பதும் பாதி உண்மைதான். முனைவுள்ள குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிக்கிறது, முனைவற்ற கார்பன் டெட்ராகுளோரைடு 77-இல். எலக்ட்ரான்கள் கூடக் கூட லண்டன் விசையும் (முனைவற்ற மூலக்கூறுகளுக்கு இடையேயும் இருக்கும் ஈர்ப்பு) வலுக்கும். ஆகவே மூலக்கூறு நிறை நெருங்கியவற்றையே ஒப்பிட வேண்டும்: பியூட்டேன் (58) கொதிநிலை -0.5, அசிட்டோன் (58) 56, 1-புரோப்பனால் (60) 97. மூன்றையும் வரைந்து, காரணத்தை உங்களுக்கு வாய்விட்டு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வேதியியல் தெரியாவிட்டால் இன்னும் நல்லது.

இப்படி இரண்டு வாரம் பழகிய பிறகும் அலுப்புத்தான் என்றால் வேறு துறை பார்க்கலாம். பிடித்துப்போனால், மருந்தாக்கம், பெயின்ட், பசைப் பொருள்கள் எல்லாம் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. 1997-இல் மருந்து வேதியியலாளர் லிபின்ஸ்கி வகுத்த விதிப்படி, மருந்து மூலக்கூறில் ஹைட்ரஜன் பிணைப்பு வழங்கிகள் (பிணைப்புக்கு ஹைட்ரஜனைத் தரும் இடங்கள்) 5-க்கு மேலோ ஏற்பிகள் (அதை ஏற்கும் இடங்கள்) 10-க்கு மேலோ இருந்தால், வாய்வழி கொடுக்கும் மருந்து உடலில் சரியாக உறிஞ்சப்படாமல் போக வாய்ப்பு அதிகம். பகுப்பாய்வுக் கூட வேலை என்றால் குரோமடோகிராஃபி (கலவையில் உள்ள சேர்மங்களைப் பிரிக்கும் முறை) தெரிந்திருக்க வேண்டும். அதில் பயன்படும் சிலிக்கா தகட்டில் எந்தச் சேர்மம் பின்தங்கும், எது கரைப்பானோடு ஓடும் என்று முன்கூட்டியே சொல்ல அவளுக்கு உதவப்போவது இந்தப் பாடம்தான்.