வரப்போகும் சூப்பர் ஹீரோ காமிக்ஸின் முதல் இதழை, வெளியாகும் அன்றே சென்னையில் வாங்க முடியுமா?

அச்சுப் புத்தகமாக அன்றைக்கே கையில் வேண்டும் என்றால், ரொம்பக் கஷ்டம்.

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் போடும் பெரிய நிறுவனங்களான மார்வெல், டிசி இரண்டுக்கும் அமெரிக்காவில் புதன்கிழமைதான் ரிலீஸ். (டிசி 2020இல் செவ்வாய்க்குப் போய், 2024இல் திரும்பி வந்தது.) அங்குள்ள காமிக்ஸ் கடைக்காரர் எத்தனை பிரதி வேண்டும் என்று பல வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். விற்காமல் தங்கினால் பெரும்பாலும் திருப்பி அனுப்ப முடியாது, நஷ்டம் அவர் தலையில்தான். அதனால்தான் "முன்பதிவு செய்யுங்கள்" என்று எழுத்தாளர்களே கெஞ்சுகிறார்கள். அங்கேயே இந்த நிலை என்றால், இருபது சொச்சம் பக்கமுள்ள ஓர் இதழை இங்கே எந்தக் கடை வரவழைத்து அடுக்கும்? நீங்களே தருவித்தாலும் 3.99 டாலர் இதழுக்குத் தபால் செலவு அதைவிட அதிகமாகும்.

நான் தொகுப்புக்காகக் காத்திருப்பேன். ஐந்தாறு இதழ்களைச் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடுவார்கள். அது சாதாரணப் புத்தக விநியோகத்தில் வருவதால் இங்குள்ள பெரிய கடைகளிலும் சொல்லி வைக்கலாம். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னோடு போங்கள். வெறுமனே "பேட்மேன்" என்றால், "குழந்தைங்க செக்‌ஷன் அந்தப் பக்கம் சார்" என்று வண்ணம் தீட்டும் புத்தகத்தை எடுத்து நீட்டுவார்கள். அப்புறம், ஒரே இதழுக்குப் பத்து அட்டை போட்டு விற்கிறார்களே, அதில் விழாதீர்கள். உள்ளே கதை ஒன்றுதான். மார்வெல் என்றால் இன்னொரு வழி, மார்வெல் அன்லிமிடெட் செயலி. பெரும்பாலான புது இதழ்கள் மூன்று மாதத்தில் அதில் வந்துவிடும்.

புது இதழுக்காகக் காத்துக் கிடக்கும் சுகம்தான் வேண்டும் என்றால், சிவகாசியிலிருந்து தமிழில் வரும் லயன், முத்து காமிக்ஸுக்குச் சந்தா கட்டுங்கள். 1972இல் முத்துவின் முதல் இதழே இரும்புக்கை மாயாவி! மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். லயனில் வந்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல, இவர் வேறு) கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு வந்தால் அவர்கள் ஸ்டாலை எட்டிப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் விடுபட்ட இதழ்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பழைய புத்தகக் கடைகளில் எங்கே என்ன கிடைக்கும் என்றும் சொல்லிவிடுவார்கள்.