தட்ட வேண்டிய இடம்

கேள்வி: ஐயா, என்னிடம் 2009-ம் ஆண்டு மாருதி ஆல்ட்டோ இருக்கிறது. என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் கிழிந்து கிரீஸ் சிதறுகிறது. அதை மாற்ற டை ராட் எண்டையும் (ஸ்டீயரிங் கம்பி சக்கரப் பக்கம் சேரும் மூட்டு) கீழ் பால் ஜாயின்டையும் (சக்கரப் பக்கத்தைக் கீழே தாங்கும் பந்து மூட்டு) பிரிக்க வேண்டும். முன்பு ஒரு மெக்கானிக் கவட்டை மாதிரி ஓர் இரும்பை நடுவில் வைத்து அடித்து டை ராட் எண்டைப் பிரித்தார். நன்றாக இருந்த ஜாயின்டின் ரப்பர் கிழிந்துவிட்டது. இந்த முறை நானே செய்யப் பார்க்கிறேன். சேதமில்லாமல் கழற்ற வழி உண்டா?
- வாசகர், காரைக்குடி

பதில்: உண்டு தம்பி. அந்தக் கவட்டையை நானும் தொழில் பழகிய காலத்தில் அடித்திருக்கிறேன். ஒருவருடைய மாருதி 800-ல் கிளட்ச் வேலைக்காக டை ராட் எண்டைப் பிரித்தபோது ரப்பரில் சின்னக் கீறல் விழுந்தது. பெரிதாக நினைக்காமல் மாட்டிக் கொடுத்துவிட்டேன். ஒரு மழைக்காலம் முடிந்து அந்த வண்டி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. ஜாயின்டுக்குள் கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் சேறு. ஓடும்போது கழன்றிருந்தால் அந்தப் பக்கச் சக்கரம் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்டிருக்காது. அதில் ஒரு குடும்பம் போய்வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து, தூக்கிப்போடப் போகிற ஜாயின்டுக்கு மட்டும்தான் கவட்டையை எடுக்கிறேன்.

உங்கள் வண்டியில் இந்த இரண்டு ஜாயின்டும் இரண்டு விதம். டை ராட் எண்டின் தண்டு டேப்பர், அதாவது ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்தது. எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டால் எவ்வளவு இழுத்தாலும் வராது, பக்கவாட்டில் தட்டினால் சட்டென்று விடும் இல்லையா? அதே கதைதான். நட்டைக் கழற்றினாலும் தண்டு பிடித்துக்கொண்டே இருக்கும்.

முதலில் நட்டு கழலாமல் பூட்டியிருக்கும் ஸ்பிளிட் பின்னை உருவுங்கள். நட்டை முழுக்க எடுக்காமல் தண்டின் முனையோடு சமமாக நிற்க விடுங்கள். மரை கெடாது, பிரியும்போது எதுவும் தெறிக்காது. கத்தரிக்கோல் மாதிரி இருக்கும் பால் ஜாயின்ட் புல்லரை மாட்டி, அதன் நுனி ரப்பரைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டு நன்றாக இறுக்குங்கள். அதிலேயே விடவில்லையென்றால் மேலும் மேலும் இறுக்காதீர்கள். தண்டு நுழைந்திருக்கும் கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டை கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் பளிச்சென்று இரண்டு அடி. அடி கண்ணின் பக்கவாட்டில்தான் விழ வேண்டும். தண்டின் முனையில் அடித்தால் மரை நசுங்கும், உள்ளே பந்து உட்காரும் இடமும் கெடும். ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், பிரிந்துவிட்டது. கேஸ் வைத்துச் சூடேற்றச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். ரப்பரும் உள்ளிருக்கும் கிரீஸும் வெந்துபோகும்.

கீழ் பால் ஜாயின்டுக்குப் புல்லர் வேண்டாம். அது டேப்பர் இல்லை, நக்கிளில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பகுதியில், ஒரு போல்ட் அதை நெருக்கிப் பிடித்திருக்கிறது. தண்டில் ஒரு காடி இருக்கும், போல்ட் அதன் வழியாகத்தான் போகிறது. அதனால் தளர்த்தினால் போதாது, முழுக்க உருவ வேண்டும். பலர் இதைத் தெரியாமல்தான் மணிக்கணக்கில் அடிக்கிறார்கள். துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துருவை இளக்கும் டபிள்யூ.டி.-40 ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். நக்கிளின் பிளவில் சிறிய உளியை மெதுவாகத் தட்டிக் கொஞ்சம் விரியவிடுங்கள், அதிகம் விரித்தால் வெடிக்கும். அப்புறம் நீளக் கம்பியால் லோயர் ஆர்மை (பால் ஜாயின்ட் இருக்கும் கீழ்க்கை) கீழே அழுத்தினால் தண்டு வந்துவிடும். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தால் இரண்டு பக்க லோயர் ஆர்மையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் எதிர்த்து இழுக்காது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்க வேண்டாம்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஸ்பிரிங் நேராக லோயர் ஆர்ம் மேல் உட்கார்ந்திருந்தால், ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுக்காமல் ஜாயின்டைத் தொடவே கூடாது. ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

ஜாயின்ட் பிரிந்ததும் நக்கிளைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் டிரைவ் ஷாஃப்ட் உள்பக்கத்தில் உருவிக்கொள்ளும். திரும்ப மாட்டும்போது டேப்பரைத் துடைத்து, எண்ணெயில்லாமல் காய்ந்தபடி போடுங்கள். நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றினால் ஜாயின்டை நெம்பி அழுத்திப் பிடித்து இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் புதிதாக இருக்கட்டும். பின் போகும் ஓட்டை நட்டின் வெட்டுக்கு நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுவாருங்கள், அதற்காகத் தளர்த்தக் கூடாது.