ரோலிங் மில் பற்றிக் கேளுங்கள்: 26 வருஷம் ஸ்டாண்டு பக்கத்தில் நின்றவன் பதில் சொல்கிறேன்

கும்மிடிப்பூண்டி பக்கத்து கம்பி மில்களில் 26 வருஷம் வேலை பார்த்தேன். ஃபர்னஸுக்குள் பில்லெட் (கம்பியாக உருட்டப் போகிற இரும்புக் கட்டி) தள்ளுவதில் ஆரம்பித்து, ஸ்டாண்டில், அதாவது உருளைகளைத் தாங்குகிற சட்டத்தில், ரோல் செட்டிங் கற்று, கடைசி பத்து வருஷம் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

டிப்ளமோ மாணவர், சேலம்: அண்ணா, இரண்டு உருளை நடுவில் போகிற ஒரு கட்டி இரும்பு எப்படி 12 மி.மீ. கம்பியாக வெளியே வருகிறது? ஒரே தடவையில் நசுக்கிவிடுவார்களா?

தம்பி, கரும்புச்சாறு மெஷினைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா? கரும்பின் நுனியை உருளைகளிடம் கொடுத்தால் போதும், அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். இங்கேயும் உராய்வுதான் இழுக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். கரும்பில் சாறு வடிந்துவிடும், இரும்பில் வடிவதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே போன கனஅளவு அப்படியே வெளியே வந்தாக வேண்டும். குறுக்கே மெலிந்தால் நீளத்தில் ஓடும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மில்லில் பாதி புரிந்த மாதிரி.

கணக்காகப் பாருங்கள். 100-க்கு 100 மி.மீ. சதுர பில்லெட், நீளம் 3 மீட்டர், எடை சுமார் 235 கிலோ. அதன் குறுக்கு வெட்டுப் பரப்பு 10,000 சதுர மி.மீ. 12 மி.மீ. கம்பியின் பரப்பு 113. அதாவது 88 மடங்கு மெலிகிறது, அதே 88 மடங்கு நீள்கிறது. 3 மீட்டர் கட்டி 265 மீட்டர் கம்பியாகிவிடும். ஒரே தடவையில் இதைச் செய்ய முடியாது. உருளைகளுக்கு நடுவில் ஒரு தடவை போவதை ஒரு பாஸ் என்போம். ஒரு பாஸுக்குக் கால் பங்கு பரப்பு குறைத்தால்கூட 15, 16 பாஸ் வேண்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் உருளை கடிக்காது, பில்லெட் முனை வாயிலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும். உருளை பெரிதாக இருந்தால் அதிகம் கடிக்கும், புதிதாகக் கடைந்த வழவழப்பான உருளை அடம்பிடிக்கும். அதனால்தான் முதல் ஸ்டாண்டு ரோல்களில் வேண்டுமென்றே சொரசொரப்பாகக் கொத்தி வைப்பார்கள்.

அப்புறம் ரோல் சமமான உருளை கிடையாது, அதில் பள்ளங்கள் கடைந்திருக்கும். முதலில் பெட்டி வடிவம், பிறகு வைரம், சதுரம், கடைசியில் முட்டை வடிவம், வட்டம், மறுபடி முட்டை, வட்டம். ஒவ்வொரு தடவையும் கம்பியை 90 டிகிரி திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பக்கம்தான் நசுங்கும்.

நகைத் தொழிலாளி, கோவை: எங்கள் பட்டறையிலும் கையால் சுற்றுகிற கம்பி மெஷின் இருக்கிறது, பள்ளம் வெட்டின உருளைதான். ஆனால் நாங்கள் தங்கத்தை ஆற வைத்துத்தான் போடுவோம். இரும்புக்கு மட்டும் ஏன் பழுக்கக் காய்ச்ச வேண்டும்?

அண்ணே, நீங்கள் வைத்திருப்பதும் ரோலிங் மில்தான், அளவில்தான் சின்னது. நாலைந்து தடவை ஓட்டினால் தங்கம் விறைத்துக்கொள்ளும், அதற்கு மேல் போட்டால் ஓரம் வெடிக்கும், உடனே ஊதிச் சூடாக்கி இளக வைப்பீர்கள். உலோகத்துக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மணிகள் நசுங்கி இறுகிப் போனதை அந்தச் சூடு கலைத்து, புது மணிகளாக வளர விடுகிறது.

இரும்பை 1,150, 1,200 டிகிரிக்குக் காய்ச்சி உருட்டும்போது நீங்கள் தனியாகச் செய்கிற அந்த இளக்கல் உருளைக்குள்ளும், ஒரு பாஸுக்கும் அடுத்த பாஸுக்கும் நடுவிலும் தானாக நடந்துவிடுகிறது. நசுங்கின மணி அங்கேயே புதிதாகப் பிறக்கிறது. அதனால்தான் நிறுத்தாமல் 16 பாஸ் போக முடிகிறது. சூடு குறைந்த பில்லெட்டை உள்ளே விட்டால் மோட்டார் ஆம்பியர் எகிறும், ரோல் உடையும்.

எங்கள் காலத்தில் சூட்டைக் கண்ணால்தான் பார்த்தோம். வெளிர் மஞ்சளாக வந்தால் உருட்டலாம், செம்மஞ்சள் என்றால் சீக்கிரம் முடிக்க வேண்டும், கோவைப்பழச் சிவப்பு என்றால் தொடவே கூடாது. ஆனால் ஒரே சூட்டில் உள்ள பில்லெட் பகலில் மங்கலாகவும் இரவில் பளீரென்றும் தெரியும். இரவு ஷிஃப்டில் நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நினைத்து வெளியே இழுத்து நானே ஏமாந்திருக்கிறேன். இப்போது தொடாமலே சூட்டை அளக்கும் பைரோமீட்டர் வந்துவிட்டது, தயவுசெய்து அதையே நம்புங்கள். அதற்காக ஃபர்னஸிலேயே கூடுதல் நேரம் விட்டுவைக்கவும் கூடாது, மேல்தோல் கருகி செதில் செதிலாக உதிரும். நூறு டன் போட்டால் அந்தச் செதிலிலேயே ஒன்றிரண்டு டன் போய்விடும்.

சேலத்து மாணவரே மறுபடி: எங்கள் ஊர் உருக்காலையிலும் இதேதானா?

இல்லை. அங்கே கம்பி கிடையாது, ஸ்டெயின்லெஸ் தகடு. 1980-களின் தொடக்கத்தில் குளிர்ந்த தகட்டை மெலிதாக்கும் வேலையோடு ஆரம்பித்தார்கள், 1990-களின் நடுவில் சூடான தகடு உருட்டும் மில் வந்தது. அது ஸ்டெக்கல் வகை. தகடு இப்படியும் அப்படியுமாக ஓடும்போது ஆறிவிடாமல் இருக்க, இரண்டு பக்கமும் சுருள் சுற்றும் இடமே ஒரு உலையாக இருக்கும். குளிர்ந்த தகட்டுக்கு சென்ட்சிமிர் மில், ஒரு ஸ்டாண்டில் 20 உருளை. தகட்டைத் தொடுகிற இரண்டும் ஒல்லியாக இருக்கும், அவை வளைந்துவிடாமல் மற்ற 18-ம் பின்னால் நின்று தாங்கும். வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

வீடு கட்டுபவர், தாம்பரம்: சார், 12 மி.மீ. கம்பி ஒன்று 10.66 கிலோ இருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு வந்தது 10.3. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்படாதீர்கள். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ.க்கு 0.889. கம்பி 12 மீட்டர் என்பதால் நீங்கள் சொன்ன 10.66 சரிதான். ஆனால் கட்டடக் கம்பிக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1786-ல் கொஞ்சம் ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு: 10 மி.மீ. வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 வரை 5, அதற்கும் மேல் 3. உங்கள் கம்பி மூன்றரை சதவீதம்தான் குறைவு, தரத்துக்குள் இருக்கிறது. ஒற்றைக் கம்பியை வைத்து முடிவுக்கு வராமல் ஒரு கட்டுக் கம்பியை முழுதாக எடை போட்டு, மொத்த நீளத்தால் வகுத்துப் பாருங்கள்.

ஏன் இப்படிக் குறைகிறது என்பதை மில் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கடைசி ஸ்டாண்டு ரோலின் பள்ளம் ஓட ஓடத் தேயும். தேய்ந்தால் பள்ளம் பெரிதாகும், கம்பி தடிக்கும், எடை கூடும். அதனால் புதுப் பள்ளம் போடும் அன்றைக்குக் கொஞ்சம் குறைவான எடையில் செட் பண்ணி ஆரம்பித்து, எடை கூடக்கூட உருளைகளை நெருக்கும் ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே வருவோம். இது தொழிலில் இயல்பு, இதில் தப்பு இல்லை. ஆனால் எல்லா நாளும் வேண்டுமென்றே கீழ் எல்லையிலேயே ஓட்டுவதும், அதையும் தாண்டிக் குறைப்பதும் எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். நீங்கள் கம்பி எண்ணிக்கைக்கு, புத்தக எடையை வைத்துப் பணம் கொடுத்தால் குறைந்த எடை முழுக்க உங்கள் நஷ்டம். எடை மேடைச் சீட்டுப்படி கொடுத்தால் பணம் போகாது, ஆனால் உங்கள் தூணுக்குள் போகும் இரும்பு, இன்ஜினியர் கணக்குப் போட்டதைவிட மெலிந்துவிடும். எடையில் வாங்குங்கள், ஆனால் மீட்டர் எடையையும் பாருங்கள்.

கட்டட மேஸ்திரி, மதுரை: அந்தக் காலத்து முறுக்குக் கம்பிக்கும் இப்போதைய டிஎம்டிக்கும் என்ன வித்தியாசம்? வளைக்கக் கஷ்டமாக இருந்தால் பசங்கள் சூடு காட்டுகிறார்கள், பரவாயில்லையா?

சூடு காட்டவே காட்டாதீர்கள் மேஸ்திரி. காரணத்தையும் சொல்கிறேன்.

முறுக்குக் கம்பியை உருட்டி ஆறவிட்டு, பிறகு முறுக்கிப் பலம் ஏற்றினார்கள். டிஎம்டியில் பலம் தண்ணீரில் வருகிறது. கடைசி ஸ்டாண்டை விட்டு 950, 1,000 டிகிரியில் வெளியேறும் கம்பி, அழுத்தமான தண்ணீர் பாயும் குழாய்க்குள் நுழைந்து ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வெளியே வந்துவிடும். மேல்தோல் மட்டும் சட்டென்று ஆறிக் கெட்டிப்படும், உள்ளே இன்னும் நெருப்பாக இருக்கும். ஆறவைக்கும் மேடையான கூலிங் பெட்டில் கிடக்கும்போது உள்சூடு வெளியே பரவி, கெட்டியான தோலைப் பதப்படுத்தும், மொத்தமும் 600 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். நம் கொல்லர்கள் அரிவாளைத் தண்ணீரில் தோய்த்து, அதிலிருக்கும் மீதிச் சூட்டிலேயே பதம் பார்ப்பார்கள் இல்லையா, அதே வேலைதான். வெளியே வைரமான வளையம், உள்ளே நெகிழ்கிற இரும்பு. இதை 1970-களில் பெல்ஜியத்தில் டெம்ப்கோர் என்ற பெயரில் உருவாக்கினார்கள்.

இப்போது நீங்கள் அதைப் பழுக்கக் காய்ச்சினால் அந்த வளையம் கலைந்துவிடும், பலத்தைக் குறிக்கும் 500 என்ற தர எண்ணுக்குக் காசு கொடுத்து வாங்கின பலம் அந்த இடத்தில் இருக்காது. வளைக்கக் கஷ்டம் என்றால் சரியான அளவுப் பின்னைப் போட்டு மெதுவாக வளையுங்கள். 500டி வாங்குங்கள், சாதா 500 குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும் என்றால் டி வகை 16 சதவீதம் நீள வேண்டும். நில அதிர்வுக்கும் நல்லது.

சைட் சூப்பர்வைசர், திருச்சி: கம்பியின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு கோடு ஓடுகிறதே, அது வெடிப்பா?

எதிரெதிரே மேடாக இரண்டு வரி இருந்தால் அது இரண்டு ரோல் சேரும் இடம், எல்லாக் கம்பியிலும் இருக்கும். குறுக்கு வரிகள் ரோலிலேயே வெட்டியிருப்பவை. ஆனால் நகத்தை வைத்தால் மாட்டுகிற மாதிரி மடிப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். முந்தைய பாஸில் பள்ளம் நிரம்பி வழிந்து பக்கவாட்டில் இறக்கை மாதிரி பிதுங்கினது அடுத்த பாஸில் மடிந்து அமுங்கியிருக்கும். அது ஒட்டாது, வளைத்தால் அங்கே வாயைத் திறக்கும். திருப்பி அனுப்புங்கள்.

தம்பி மில்லில் வேலை பார்ப்பதால் கவலைப்படும் ஒருவர், புதுச்சேரி: கம்பி தடம் மாறிப் பறந்தது என்று தம்பி சொன்னான், இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. ஏன் அப்படி ஆகிறது?

அதற்கு கோப்பிள் என்று பெயர். உங்கள் பயம் நியாயமானது, விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சொன்ன கனஅளவுக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தொடர்ச்சியான மில்லில் ஒரே கம்பி ஒரே நேரத்தில் பல ஸ்டாண்டுகளுக்குள் இருக்கும். 88 மடங்கு நீளுகிறது என்றால், முதல் ஸ்டாண்டில் நொடிக்கு 15 சென்டிமீட்டர் நுழைகிற இரும்பு கடைசி ஸ்டாண்டில் 13 மீட்டர் வேகத்தில் வெளியே வரும். ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு வேகம் பொருந்தியே ஆக வேண்டும். முன்னால் போன முனை எங்காவது தடுக்கி நின்றால் பின்னால் இருந்து இரும்பு வந்துகொண்டேதான் இருக்கும், அதற்குப் போக இடமில்லை, மேலேயோ பக்கவாட்டிலோ பீறிட்டு, நெருப்புக் கயிறு மாதிரி கூரை வரை போகும்.

தடுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னது. முனை ஆறிப் போய் மீன் வால் மாதிரி பிளந்திருக்கும், அல்லது கம்பியைப் பள்ளத்துக்கு நேராக வழிநடத்தும் கைடின் போல்ட் தளர்ந்திருக்கும். அதனால்தான் நடுவில் ஷியர் என்ற வெட்டும் மெஷினை வைத்து ஒவ்வொரு முனையையும் வெட்டி எறிகிறோம். நான் இருந்த ஒரு மில்லில் அந்த ஷியர் இரண்டு நாள் ரிப்பேர். டன் கணக்கு குறைகிறது என்று முனை வெட்டாமலே ஓட்டச் சொன்னார்கள். ஷிஃப்ட் என்னுடையது, நானும் ஓட்டினேன். இரண்டாம் நாள் பிளந்த முனை ஒன்று ஏழாவது ஸ்டாண்டு கைடில் மோதி வெளியே வந்தது. கம்பி போகும் கோட்டிலேயே நின்றிருந்த ஒரு பையனுக்குத் தொடையில் தீக்காயம், எட்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அன்றைக்கு மில்லை நிறுத்தியிருக்க வேண்டியது நான்தான். அதற்குப் பிறகு ஷியர் ஓடாத நாளில் நான் மில்லை ஓட்டினதில்லை, எவ்வளவு திட்டு விழுந்தாலும்.

உங்கள் தம்பியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஸ்டாண்டுகளுக்கு நடுவே மூடியும் பக்கவாட்டில் வலைத் தடுப்பும் இருக்கிறதா? ஓடும்போது கம்பியின் நேர்கோட்டில் யாராவது நிற்கிறார்களா? இடுக்கி பிடித்து முனையைக் கையால் கவ்வி அடுத்த பள்ளத்தில் செருகும் பழைய முறை இன்னும் இருந்தால், அந்த மில்லை விட்டு வேறு மில் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த வாய்க்கால் மாதிரி ரிப்பீட்டர் வைத்தால் முனை தானாகவே திரும்பி அடுத்த ஸ்டாண்டுக்குள் போகும். அது வந்து எத்தனையோ காலம் ஆகிறது.

வரலாற்று ஆர்வலர், சென்னை: மூன்று உருளை ஸ்டாண்டு என்கிறார்களே, மூன்றாவது எதற்கு?

பள்ளம் வெட்டிய உருளைக்கு இங்கிலாந்தில் ஹென்றி கார்ட் 1783-ல் காப்புரிமை வாங்கினார், அதற்கு முன் பெரும்பாலும் சுத்தியல் அடிதான். இரண்டு உருளை மட்டும் இருந்தால் அவை இரும்பை எப்போதும் ஒரே பக்கமாகத்தான் இழுக்கும், ஆகவே அந்தப் பக்கம் போன இரும்பை மேலே தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து மறுபடி விட வேண்டும், அதற்குள் ஆறிவிடும். மூன்று உருளை இருந்தால் கீழ் இடுக்கில் போய் மேல் இடுக்கில் திரும்பி வரலாம், இரண்டு பக்கமும் வேலை நடக்கும். அமெரிக்காவில் ஜான்ஸ்டவுனில் ஜான் ஃபிரிட்ஸ் 1857-ல் தண்டவாளத்துக்காக இப்படிக் கட்டினார். நிர்வாகத்தில் பலருக்கு நம்பிக்கை இல்லை. ஓட்டிப் பார்த்த சில நாளிலேயே கட்டடம் எரிந்தும் போனது, மறுபடி கட்டி ஓட்டினார்கள். நம் பக்கத்துச் சின்ன மில்களின் முதல் ஸ்டாண்டில் அந்த மூன்று உருளையை நீங்கள் இன்றும் பார்க்கலாம், பக்கத்தில் பாஸுக்குப் பாஸ் ஆற்றலைச் சேர்த்து வைக்க ஆள் உயரத்தை மிஞ்சின ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு தாய், ஆரணி: ஐயா, என் மகன் அடுத்த வாரம் மில்லில் சேருகிறான். நான் என்ன வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டும்?

அம்மா, பருத்தி முழுக்கை சட்டையும் பருத்தி பேன்ட்டும் நான்கு செட் வாங்குங்கள். நைலான், பாலியஸ்டர் கலந்தது வேண்டவே வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பேன்ட் ஷூவுக்கு வெளியே தொங்கட்டும், ஷூவுக்குள் செருகினால் செதில் நேராக உள்ளே விழும். தோல் ஷூவும் ஹெல்மெட்டும் கண்ணாடியும் மில்தான் தர வேண்டும், முதல் நாளே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஃபர்னஸ் பக்கம் போட்டால் நாளுக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும், உப்புப் போட்ட மோர் ஒரு பெரிய பாட்டில் கொடுத்துவிடுங்கள்.