டாக்டரிடம் கேளுங்கள்: எலும்பைத் தொட்டு எண்ணுங்கள்

சென்ற இதழில் மாரடைப்பின் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வழக்கமாக நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும்தான் கடிதம் போடுவார்கள். இந்த முறை பாதிக் கடிதங்கள் நோயாளியைக் கவனிக்கிற நர்ஸ், டாக்டர் போன்றவர்களிடமிருந்தே வந்திருக்கின்றன. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐந்து வருடமாகத் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இதய நோயாளிகளைக் கவனிப்பதில் மேற்பயிற்சி எடுக்க ஆசை. இரண்டு நாள் ஏ.சி.எல்.எஸ். பயிற்சி போதுமா? ஒரு வருடப் படிப்புக்குப் போனால் சம்பளம் நின்றுவிடுமே என்று வீட்டில் தயங்குகிறார்கள்.
– செவிலியர், காரைக்குடி

இரண்டும் வேறு வேறு வேலைக்கு, அம்மா. இதயம் நின்றுவிட்டால், அல்லது தாறுமாறாகத் துடித்தால் யார் என்ன செய்வது என்று பழக்குவது ஏ.சி.எல்.எஸ். கட்டாயம் செய்யுங்கள். சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆனால் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மதியத்துக்குள் மோசமாகப் போகிறார் என்று முன்கூட்டியே பிடிக்கிற கண் இரண்டு நாளில் வராது. அதற்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ஒரு வருட கார்டியோ தொராசிக் (இதயம், நெஞ்சறை) போஸ்ட் பேசிக் டிப்ளமோ நல்லது. வசதியிருந்தால் இரண்டு வருட முதுநிலைப் படிப்பான நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிகல் கேர். உதவித்தொகை தருகிற இடங்களும் உண்டு, விசாரியுங்கள். சேருமுன் இன்னொன்றும் கேளுங்கள்: இதய ஐ.சி.யூ.வில் எத்தனை நைட் டியூட்டி, அப்போது பக்கத்தில் நின்று சொல்லித்தருவது யார்? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். நாளைக்கே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது: ஈசிஜி (இதயத்தின் மின்பதிவு) எடுக்கிற பட்டைகளைச் சரியாக ஒட்டுவது. தொண்டைக்குழியில் விரலை வைத்து மெல்லக் கீழே இறக்குங்கள். நாலைந்து சென்டிமீட்டரில் எலும்பில் ஒரு சிறு மேடு தட்டும். அதன் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. இன்னும் இரண்டு பள்ளம் இறங்கினால் நான்காவது. அங்கே நெஞ்செலும்பின் வலது ஓரத்தில் வி1 பட்டை, இடது ஓரத்தில் வி2 பட்டை. அவசரத்தில் பல பேர் எண்ணாமல் ஒன்றிரண்டு பள்ளம் மேலே ஒட்டிவிடுகிறார்கள்.

நானும் அப்படி ஒட்டியவள்தான். முதுநிலை படிக்கும்போது, ஐம்பது வயது அம்மா ஒருவருக்கு நானே ஈசிஜி எடுத்தேன். முன்பே மாரடைப்பு வந்து போன தழும்பு மாதிரி தெரிந்தது, அப்படியே வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவர் மகனுக்குக் கல்யாணம். தள்ளி வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து என் பேராசிரியர் ரவுண்ட்ஸ் வந்தார். ஒன்றும் பேசாமல் என் விரலைப் பிடித்து அந்த மேட்டில் வைத்து, ஒவ்வொரு விலாவாக எண்ணவைத்து, மறுபடி எடுக்கச் சொன்னார். தழும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. 'பரவாயில்லத்தா, உசுரு கெடக்குல்ல' என்றார். அன்றிலிருந்து எலும்பைத் தொட்டு எண்ணாமல் நான் ஈசிஜி எடுத்ததில்லை.

நம் ஊரில் இதில் கூச்சம் ஒரு பெரிய தடை. வயதான ஆச்சிமார் ரவிக்கையைத் தளர்த்த மாட்டார்கள், நர்சும் வற்புறுத்தாமல் ரவிக்கை விளிம்புக்கு மேலேயே ஒட்டிவிடுவார். திரையை இழுத்துவிட்டு, ஒரு துண்டைப் போர்த்தி, 'ஆச்சி, நான் மட்டுந்தான் இருக்கேன், ரெண்டே நிமிசம்' என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பேச்சுக்கும் நேரக்கணக்கு உண்டு. நெஞ்சுவலி என்று உள்ளே வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து, அது ஒரு டாக்டர் கையில் இருக்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். நெஞ்சுவலி கேஸ் வந்தாலே உதறுகிறது. போன மாதம் ஒருவருக்கு நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைத்தேன், பிரஷர் சட்டென்று இறங்கிவிட்டது. இதயவியலில் டி.எம். படித்தால்தான் இந்தப் பயம் போகுமா?
– மருத்துவர், தேவகோட்டை அருகில்

எம்.டி. மூன்று வருடம், அதன்மேல் டி.எம். மூன்று வருடம். படியுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று ராத்திரி வரப்போகிற ஆள் ஆறு வருடம் காத்திருக்க மாட்டார்.

உங்கள் நோயாளிக்கு இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு இருந்திருக்கலாம். ஈசிஜியில் 2, 3, ஏ.வி.எஃப். என்ற மூன்று பதிவுகளிலும் எஸ்.டி. என்கிற பகுதி மேலே தூக்கியிருந்தால் உடனே வலது பக்கத்தில் வி4 ஒட்டிப் பாருங்கள். அதிலும் தூக்கியிருந்தால் வலது கீழறையும் அடிபட்டிருக்கிறது. அந்த அறை, உள்ளே வருகிற ரத்தத்தை நம்பித்தான் ஓடும். சார்பிட்ரேட் ரத்தக்குழாய்களை விரித்து அந்த வரவைக் குறைத்துவிடும், பிரஷர் விழும். அதனால் பிரஷரையும் வலது பக்க ஈசிஜியையும் பார்க்காமல் சார்பிட்ரேட்டைத் தொடாதீர்கள். கீழ்ச்சுவர் அடைப்பு மேல்வயிற்று எரிச்சலாகவும் வாந்தியாகவும்கூட வரும். கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவரை 'கேஸ் டிரபிள்' என்று ஊசி போட்டு அனுப்புவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் உங்கள் நிலையத்திலேயே மருந்து இருக்கிறது: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு, மொத்தம் 14 மாத்திரை. அவற்றைக் கொடுத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 120 நிமிடத்துக்குள் ஸ்டென்ட் வைத்து அடைப்பைத் திறக்க வழியில்லை என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிற பக்கத்து மருத்துவமனைக்கு முதலில் அனுப்புங்கள். ஊசி போட்டபின் 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ, அதாவது குழாயில் மை செலுத்தி அடைப்பைப் பார்க்கும் படம். இப்படிச் சின்ன மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு கோத்து நம் தமிழ்நாட்டில் செய்து பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள்.

பயம் போக ஒரு வழி சொல்கிறேன். ஒரு நீள நோட்டு வாங்குங்கள். எடுக்கிற ஒவ்வொரு ஈசிஜியின் நகலையும் ஒட்டி, யாரையும் கேட்பதற்கு முன் உங்கள் கணிப்பை எழுதுங்கள். நோயாளியை அனுப்பிய இடத்துக்குப் பிறகு போன் போட்டு, ஆஞ்சியோவில் எந்தக் குழாய் அடைத்திருந்தது என்று கேட்டுப் பக்கத்திலேயே எழுதுங்கள். என்னிடம் அப்படி நான்கு நோட்டு இருக்கிறது.

என்னிடம் வருகிற ஒருவருக்கு 58 வயது, ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறேன் என்று நிற்கிறார். எப்படிக் கணிப்பது? இதற்கென மேற்படிப்பு உண்டா?
– பிசியோதெரபிஸ்ட், கோட்டையூர்

உண்டு. எம்.பி.டி.யில் இதய-நுரையீரல் பிரிவு, இரண்டு வருடம். மாரடைப்புக்குப் பின் உடம்பை மீட்டெடுக்கிற பயிற்சியை முறையாகச் சொல்லித்தருவது அதுதான். நம் பக்கம் அப்படிப் படித்தவர்கள் இன்னும் நிறைய வேண்டும், நீங்கள் அவசியம் போங்கள்.

அவரைப் போகாதே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடாதீர்கள், சொல்லாமல் கிளம்பிவிடுவார். முதலில் இதய மருத்துவரிடம் எக்கோவும் (இதய ஸ்கேன்) டிரெட்மில்லும் பார்த்துவரச் சொல்லுங்கள். அவர் சரி என்றபின் நீங்கள் ஆறு நிமிட நடைச் சோதனை செய்யுங்கள். அதற்கு 30 மீட்டர் நேர்பாதை வேண்டும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேராக ஓடுகிற வீடுகள் உங்கள் ஊரில்தான் இருக்கின்றனவே! நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம், மெட்டோபுரோலால் மாதிரி துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது அவ்வளவாக ஏறாது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கிறாரா என்று பாருங்கள். விரதம் என்று ஆஸ்பிரினையும் கூடவே உள்ள, ரத்தம் கட்டாமல் காக்கிற மாத்திரையையும் ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். சர்க்கரை இருந்தால் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். தினமும் ராத்திரி தங்குமிடத்தில் பாதத்தைப் பார்க்க ஒரு ஆள் கூட இருக்கட்டும்.

ஈசிஜி நார்மல் என்றால் நெஞ்சுவலிக்காரரை வீட்டுக்கு அனுப்பலாமா?
– செவிலியர், புதுவயல்

ஒரே ஒரு ஈசிஜியை வைத்து அனுப்பக்கூடாது. வலி இருந்தால் 15, 30 நிமிடத்தில் மறுபடி எடுங்கள். இதயத் தசை அடிபட்டால் வெளிவருகிற ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகும், வந்தவுடன் பார்த்தது சரியாக இருந்தாலும் மறுமுறை பார்க்க வேண்டும். அப்புறம், ரத்தம் கொடுக்க அவரை லேபுக்கு நடக்கவைக்காதீர்கள். லேப் ஆள் கட்டிலுக்கு வரட்டும்.