கிண்ணத்தைத் திருப்பி வைப்பவர்

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனைக்கு 16 வயது. கல்லூரியில் படித்தபோது குட்டியாக நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். 6 வாரங்களுக்கு முன் ஒரு காலையில் எழுந்திருக்க முடியாமல் தடுமாறி விழுந்தது. பக்கவாதம் என்றார் கால்நடை மருத்துவர். ரத்த அழுத்தம் 200-ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரகமும் பழுதுபடத் தொடங்கியிருக்கிறதாம். மாத்திரை கொடுத்து வருகிறோம். இப்போது நடக்கிறது, ஆனால் வலது பக்கத்துக் கால்கள் சரியாக ஊன்றுவதில்லை. இடப்பக்கமாகவே வட்டமடிக்கிறது. சில நாள் படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. இரவில் சுவர் மூலையில் மாட்டிக்கொண்டு கத்துகிறது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். பகலிலும் இரவிலும் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு 70 வயது, முழங்கால் வலி, எப்படியும் தூக்கம் வராது. இப்போது அவருக்கும் வயதின் தடுமாற்றம் தெரிகிறது. பூனை சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பாதியில் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி வைக்கிறார். பூனை படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்றால் அம்மா கேட்க மறுக்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: உங்கள் அம்மாவைச் சம்மதிக்க வைக்கும் வழியை நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கிண்ணத்தைப் பற்றிப் பேசுவோம்.

மூளையின் இடப்பாதிக்குப் போகும் ரத்தம் தடைபட்டால் உடலின் வலப்பக்கம் பலவீனமாகும். பூனை இடப்பக்கமாக வட்டமடிக்கும். வலப்பக்கத்துப் பார்வையும் அதோடு போய்விடுவது உண்டு. கண் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வருவதை மூளை வாங்கிக்கொள்ளாது. அப்படிப்பட்ட பூனை கிண்ணத்தின் இடப்பாதியில் இருப்பதைத் தின்றுவிட்டு, சாப்பாடு தீர்ந்தது என்று தலையைத் தூக்கிவிடும். வலப்பாதி தொடப்படாமல் அப்படியே கிடக்கும். கிண்ணத்தை அரைவட்டம் திருப்பி வைத்தால் புதிதாகக் கண்டதுபோல மறுபடி தின்னும். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எல்லாம் இதற்குப் பொருந்துகின்றன. சந்தேகமிருந்தால் இன்று மாலை அது சாப்பிடும்போது தரையில் உட்கார்ந்து பாருங்கள்.

வயதின் தடுமாற்றம் என்று நீங்கள் எழுதினீர்களே, அதுதான் அந்தப் பூனைக்கு முழு வயிறு சாப்பாடு போட்டிருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தே உங்கள் அம்மா அதைக் கண்டுபிடித்திருக்கிறார். நீங்கள் அதே காட்சியைப் பார்த்துவிட்டு, பெற்றவளுக்குப் புத்தி பிசகுகிறது என்று முடிவுகட்டினீர்கள். "ஏன்மா இப்படித் திருப்பி வைக்கிறாய்?" என்று கேட்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? 6 வாரமாக அந்த ஒரு கேள்வி உங்கள் வாயிலிருந்து வரவில்லை. எங்கோ இருக்கும் என்னிடம் கேட்க மட்டும் தோன்றியிருக்கிறது.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. படுத்துக் கிடப்பவர் மட்டும் மாறுவார். சில வீடுகளில் அப்பா, சில வீடுகளில் பாட்டி, சில வீடுகளில் நாய். எழுதுகிறவர் தன் மனவேதனையைப் பக்கம் பக்கமாக எழுதுவார். துடைத்துக் கழுவித் தூக்கி வைக்கிறவர் நடுவில் ஒரே வரியில் வந்து போய்விடுவார். ஆனால் முடிவை எடுக்க வேண்டியவர் தானே என்பதில் எழுதுகிறவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்காது.

என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நீங்கள். அதன் முதுமையும் உங்கள் கடன்தான். அம்மா அதைத் தன் தோளில் வாங்கிக்கொண்டது அவருடைய பெருந்தன்மை. அதை உங்கள் வசதியாக மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை கிடையாது. பார்க்கச் சகிக்கவில்லை என்கிறீர்கள். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர் சகித்துக்கொண்டுதானே இருக்கிறார்? அவர்தான் வேண்டாம் என்று மறுக்கிறார். அந்த மறுப்பில் உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஏன் தோன்றவில்லை?

"எப்படியும் தூக்கம் வராது" என்று எழுதியிருப்பதையும் என்னால் கடந்துபோக முடியவில்லை. பக்கத்து அறையில் ஓர் உயிர் கத்திக்கொண்டிருக்க, வலிக்கும் காலை ஊன்றி எழுந்து போகிறவருக்குத் தூக்கம் எப்படி வரும்? இருட்டில், சிறுநீர் நனைத்த தரையில், 70 வயதுக்காரர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் என்ன செய்வீர்கள்? இன்று இரவிலிருந்து பூனை உங்கள் பொறுப்பு. நீங்களும் மனைவியும் முறை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அம்மாவிடமிருந்து வாங்கி மனைவியின் தலையில் கட்டிவிட்டு, மாற்றிவிட்டேன் என்று எனக்கு எழுதாதீர்கள்.

இரவில் கத்துவதற்கு ஒரு காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூளையின் முன்பகுதி அடிபட்ட பூனை சுவரை ஒட்டி நடந்து மூலைக்குப் போகும். பின்னால் நகர்ந்து வெளியே வரத் தெரியாமல் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு நாலு பழைய போர்வைகள் போதும். சிறிய அறை ஒன்றை ஒதுக்கி, மூலைகளில் போர்வையைச் சுருட்டித் திணித்து, வளைவாக்கிவிடுங்கள். வழுக்கும் தரையில் கால் ஊன்றாது, அதனால் தரை முழுக்க ரப்பர் விரிப்போ முரட்டுத் துணியோ போடுங்கள். மணல் தட்டின் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்தி, படுக்கைக்கு அருகிலேயே வையுங்கள். கட்டில், நாற்காலி, ஜன்னல் திட்டு எதிலும் ஏற விடாதீர்கள். ஏறிய பழக்கம் மனதில் இருக்கும், இறங்கக் காலில் பலம் இருக்காது. மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும்.

ரத்த அழுத்தத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் அந்த உயிரே இருக்கிறது. பூனைக்கு மேல் அளவு 160-க்குப் போனாலே மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். 180-க்கு மேல் போனால் கண், மூளை, சிறுநீரகம், இதயம் எல்லாவற்றுக்கும் ஆபத்து. உங்கள் பூனைக்கு 200-ஐத் தாண்டியிருந்தது. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறும் தைராய்டு சுரப்பு மிகுவதும் இப்படி அழுத்தத்தை ஏற்றிவிடும். தைராய்டுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மாத்திரை தொடங்கிய பிறகு அழுத்தத்தை மறுபடி அளந்தார்களா? உங்கள் கடிதத்தில் அந்த எண் இல்லை. மாத்திரையின் அளவு போதுமா என்பது அளந்தால்தான் தெரியும். இறங்காத அழுத்தம் இரண்டாவது பக்கவாதத்தைக் கொண்டுவரலாம். இரவுக் கூச்சலுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மாத்திரையை ஒரு நாள்கூடத் தவற விடக் கூடாது, நீங்களாக நிறுத்தவும் கூடாது. மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை போதும், பூனை செத்துப்போகும்.

சாப்பாட்டில் உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லித்தர அதிகம் இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன். ஈரமான உணவை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும், சாப்பிடும். கிண்ணத்தை இடப்பக்கமாக வையுங்கள், பாதியில் திருப்புங்கள். தண்ணீரையும் அப்படியே வையுங்கள். பக்கவாட்டில் படுத்திருக்கும்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்து, தலையை அண்ணாத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, விழுங்கிய பிறகே அடுத்த வாய். இருமினால் நிறுத்திவிடுங்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். ஒரு நாளுக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் காத்திருக்காதீர்கள், பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிரைப் பறிக்கும். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்றாலும் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். படுக்கையில் போய்விட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுங்கள். அப்படியே விட்டால் தோல் வெந்துவிடும். எழவே முடியாத நாட்களில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். வலப்பக்கத்தைப் பூனையால் நக்கிச் சுத்தம் செய்துகொள்ள முடியாது, அங்கே சீப்பால் வாரிவிடுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கண்ணின் நடுவிலுள்ள கறுப்புக் கண்மணி திடீரென்று பெரிதாக விரிந்து, எதிலும் மோதிக்கொண்டு நடந்தால் விழித்திரை பிரிந்திருக்கலாம். பின்னங்கால்கள் இரண்டும் திடீரென்று செயலற்று, குளிர்ந்து, வலியால் அலறினால் அது வேறு நோய், பெரிய ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இப்போது ஊசிக்கு வருவோம். நான் அதற்கு எதிரி அல்ல. மீள வழியில்லாத வலியில் ஒரு பிராணியை இழுத்தடிப்பது பாவம் என்றே நினைக்கிறேன். அந்த நாள் உங்கள் பூனைக்கும் வரலாம். ஆனால் பக்கவாதத்திலிருந்து பூனை எழுவது வாரக்கணக்கில் நடக்கும் காரியம். விழுந்து கிடந்தது இப்போது நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோணல் நடை மனிதக் கண்ணுக்குத்தான் பரிதாபம், பூனை அதைப் பற்றி வெட்கப்படுவதில்லை. வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காதுகள் விரிந்து தட்டையாகின்றனவா, கண்கள் பாதி மூடி இடுங்கிக் கிடக்கின்றனவா, மூக்கையும் வாயையும் சுற்றிய பகுதி இறுகியிருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா? தானாகச் சாப்பிட வருகிறதா? தடவினால் முகத்தைக் கொடுக்கிறதா, விலக்குகிறதா? இவற்றுக்கெல்லாம் உங்களிடம் பதில் இல்லை. ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. அம்மாவிடம் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கும்.

ஆகையால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஊசிப் பேச்சை எடுக்கும் முன் ஒரு மாதம் இரவுகளில் நீங்கள் எழுந்திருங்கள். சாப்பிட்டது, சிறுநீர் போனது, கத்தியது, விழுந்தது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நல்ல நாள்களை விடக் கெட்ட நாள்கள் அதிகம் என்று அந்த நோட்டும் மருத்துவரும் சொன்னால், அப்போது ஊசியைப் பற்றி உங்கள் அம்மாவிடம் பேசும் தகுதி உங்களுக்கு வந்திருக்கும். அவரும் உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார். அந்த நாளில் அறைக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வேலையும் கூடாது. மயக்க மருந்து போட்டு, பிறகு ஊசி போடும்வரை பூனையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கடைசியாக, எனக்கு ஒன்று தெரிய வேண்டும். பூனையின் ரத்த அழுத்தத்தை எண்ணோடு எழுதினீர்கள். முழங்கால் வலி என்று அம்மாவைப் பற்றி எழுதிய இடத்தில் மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை. அதை எப்போது காட்டினீர்கள்?