பிரஷர், சுகர் மாத்திரைக்குப் பதிலாக ஆலிவ் இலை டீ குடிக்கலாமா?

மாத்திரைக்குப் பதிலாக என்றால் வேண்டாம். வேறு தொந்தரவு எதுவும் இல்லாதவர் சும்மா ஒரு கப் குடிப்பதில் பெரிய பயமில்லை.

கொழிஞ்சாம்பாறை பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான் என்றாலும் கடையில் தமிழ்தான் அதிகம் கேட்கும். கல்ஃபில் இருந்து லீவுக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் சாமான்களில் இப்போது இந்த இலைப் பாக்கெட்டும் சேர்ந்துவிட்டது. ஒரு அக்கா பாக்கெட்டைக் கல்லாவில் வைத்து, "ஏனுங்ணா, இதைக் குடிச்சா பிரஷர் மாத்திரையே வேண்டாம்னு பையன் சொல்றான். இந்த மாசம் அரை அட்டை குடுத்தாப் போதுங்க" என்றார். முழு அட்டையைத்தான் கொடுத்து அனுப்பினேன்.

பையன் சொன்னதும் சும்மா அடித்துவிட்டதில்லை. ஆலிவ் இலையின் கசப்புக்குக் காரணம் ஒலியூரோபின் என்ற பொருள். இந்தோனேசியாவில் நடந்து 2011-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஆரம்பநிலை பிரஷர் உள்ளவர்களுக்கு இலைச் சாறு மாத்திரை 500 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை, 8 வாரம் கொடுத்தார்கள். மேல் அளவு சராசரியாக 11.5 புள்ளி குறைந்தது. இன்னொரு பிரிவுக்குக் கொடுத்த கேப்டோபிரில் என்ற பிரஷர் மாத்திரையில் 13.7. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட மூன்றாவது பிரிவு வைக்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

நியூசிலாந்தில் எடை கூடிய 46 ஆண்களுக்கு இலைச் சாற்றை 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில், இன்சுலின் வேலை செய்யும் திறன் 15 சதவீதம் கூடியது. ஆனால் அதே ஆய்வில் பிரஷர் அசையவே இல்லை. அவர்கள் சுகர் நோயாளிகளும் அல்ல.

இதிலெல்லாம் கொடுத்தது அளவு நிர்ணயித்த சாறு. நீங்கள் கொதிதண்ணீரில் போடும் ஒரு ஸ்பூன் இலையில் என்ன இறங்குகிறது என்பது இலை, காய வைத்த விதம், ஊறும் நேரம் எல்லாவற்றையும் பொறுத்தது. ஐந்து நிமிடத்தில் இளம்பச்சை கலந்த மஞ்சளாக வரும், கொஞ்சம் துவர்க்கும், விட்டுவிட்டால் நன்றாகவே கசக்கும். தேயிலைச் செடி இல்லை என்பதால் காஃபின் கிடையாது, ராத்திரி குடிக்கலாம். கசப்புக்காக நாட்டுச் சர்க்கரை அள்ளிப் போடுகிறவர்கள் சுகருக்காகக் குடிக்கிறேன் என்று மட்டும் சொல்லக் கூடாது.

சிக்கல் வருவது மாத்திரையோடு சேரும்போது. பிரஷர் மாத்திரை ஏற்கெனவே இறக்கியதை இதுவும் சேர்ந்து இறக்கினால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், வயதானவர்கள் விழுந்துவிடுவார்கள். கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு லோ சுகர் ஆகலாம்: திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், டீயை நிறுத்துங்கள். குடித்தே தீருவேன் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, வீட்டு மெஷினில் பிரஷரைக் குறித்துக்கொண்டே குடியுங்கள். அளவு உண்மையிலேயே இறங்கினால் மாத்திரையைக் குறைப்பதை அவர் பார்த்துக்கொள்வார். சிலருக்கு வயிற்றைப் பிரட்டும், தலை வலிக்கும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்களுக்குப் போதுமான ஆய்வு இல்லை. நான் கொடுக்க மாட்டேன். ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால் இதைக் குடிப்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அப்புறம், இங்கே வழியோரக் கடைகளில் கண்ணாடி பரணியில் உப்பிலிட்டு ஒலிவ் என்று விற்கிறார்களே, அது காரக்கா என்ற வேறு காய். ஆலிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்த மரத்து இலையைப் பறித்துக் கொதிக்க வைக்காதீர்கள். நிஜ ஆலிவ் இலை ஒடுக்கமாக, அடிப்பக்கம் வெள்ளி பூசியது போல இருக்கும். அந்த உப்புக் காயும் பிரஷர்காரருக்கு ஆகாது.